பாடகர் குழுப் பொறுப்பை விட்டுக்கொடுத்தும் மனநிறைவு இல்லையே?

பொறுப்பை விட்டுவிட்டீர்கள், ஒப்பிடுவதை இன்னும் விடவில்லை. மனம் அடங்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். "இளையவரைத் தலைவராக்கினார்கள், மறுபேச்சில்லாமல் ஒதுங்கினேன், ஆனாலும் ஆராதனையில் உட்காரவே பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நடத்தும் ஒவ்வொரு பாட்டுக்கும் மனதுக்குள் மதிப்பெண் போடுகிறீர்களோ?

பேதுருவுக்கே இது வந்தது. யோவான் 21-இல், "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று இயேசு பொறுப்புக் கொடுத்த கையோடு, பேதுரு திரும்பி இன்னொரு சீஷனைப் பார்த்து "இவன் காரியம் என்ன" என்று கேட்கிறார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான் பதில். கடிந்துகொள்வதுபோல் இருந்தாலும், எனக்கு அதில் பெரிய விடுதலை தெரிகிறது. அடுத்தவர் கணக்கை நாம் பார்க்க வேண்டியதே இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். ஞாயிறு ஆராதனைக்கு முன் 131-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், மூன்றே வசனம். அப்புறம் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவர் நன்றாக நடத்த வேண்டும் என்று ஜெபியுங்கள். வாய் தயங்கினால், சிக்கல் அங்கேதான். சில வாரம் விடாமல் செய்யுங்கள்.

ஆனால், உங்களை அநியாயமாக நீக்கியிருந்தால் வாய்மூடி இருப்பது தாழ்மை ஆகாது. பிலிப்பி நகரில் தம்மை விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டவர்கள் ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே விடட்டும் என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பிற்பாடு அதே ஊர்ச் சபைக்கு எழுதியவரும் அவர்தான். காரணம் சொல்லாமல் மாற்றியிருந்தால், போதகரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள்.