எஸ்டிமேட் சீட்டை வைத்து வழக்குப் போட முடியுமா?

கேள்வி: வீட்டு வேலை செய்கிறேன். தவணையில் 18,500 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் நாலே மாதத்தில் குளிர்வதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்து, ‘கரண்ட் ஏறி இறங்கியதால் வந்தது, வாரண்டி கிடையாது’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். கையில் பில் இல்லை, கடையில் கொடுத்த எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்: முடியும். கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசம். தொலைபேசி எண் 15100.

பில் இல்லாததற்குப் பயப்பட வேண்டாம். கடன் கொடுத்த நிதி நிறுவனத்திடம் கடன் ஒப்பந்த நகலும் கணக்கு அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதற்கு அதுவே நல்ல சான்று. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புகாரில் அதையும் சேருங்கள்.

உங்கள் வழக்கில் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மெக்கானிக் சொன்னது எழுத்தில் இல்லை. மறுபடி புகார் பதிந்து, வருபவரிடம் காரணத்தை ஜாப் ஷீட்டில் (மெக்கானிக் பார்த்த வேலையை எழுதித் தரும் தாள்) எழுதி வாங்குங்கள். அதுவரை வெளி மெக்கானிக் யாரும் கம்ப்ரசரில் கை வைக்கக் கூடாது. வைத்தால், ‘நீங்கள்தான் பிரித்துக் கெடுத்தீர்கள்’ என்று கம்பெனி தப்பித்துக்கொள்ளும்.

பிறகு கடை, கம்பெனி இரண்டுக்கும் ஸ்பீட் போஸ்டில் கடிதம்: என்ன கோளாறு, என்ன வேண்டும், 15 நாள் கெடு. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும், ஆனால் அந்த உதவி மையத்தால் உத்தரவு போட முடியாது.

பதில் இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. கடை, கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழியைத் தள்ளுவார். பிரமாணப் பத்திரம் (சொல்வது உண்மை என்று உறுதிமொழி தரும் தாள்) இணைக்க மறக்காதீர்கள். அசல் தாள்களைக் கடையில் கொடுக்காதீர்கள், நகல் போதும். காலக்கெடு 2 ஆண்டு. கஸ்டமர் கேருக்கு எத்தனை முறை போன் போட்டாலும் அது நீளாது.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது. நிறுத்தினால் அபராதம் ஏறும், அடுத்த கடன் தரும்போது பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் எண்) கெடும்.