வாசகர் கேள்வி: பழைய வீட்டின் பூச்சை உடைத்தபோது…

கேள்வி: 1989-ல் கட்டிய வீடு. கூடத்துக் கூரையில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சுற்றிலும் தட்டிப் பார்த்தால் கம்பிகள் துருவேறிக் கிடக்கின்றன. சில இடங்களில் கம்பிக்குக் கீழே கான்கிரீட்டே இல்லை, வெறும் பூச்சுதான். சிமெண்ட் பால் அடித்து 1:3 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. போதுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: போதாது. உங்கள் வீட்டில் கவர் கட்டை (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைக்காமல், கான்கிரீட்டைத் தாங்கும் செண்ட்ரிங் தகட்டின் மேலேயே கம்பியைப் பரப்பிக் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். அந்த மறைப்பு இல்லாததால் ஈரமும் காற்றும் நேராகக் கம்பியைத் தொட்டிருக்கின்றன. துருவானது இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அது தள்ளுவதால்தான் பூச்சு விழுகிறது. துரு இருக்கும்போதே மேலே பூசினால் அதே வேலை மறுபடி நடக்கும். அடுத்த முறை விழுவது இன்னும் பெரிய பாளமாக இருக்கும்.

முதலில் மாடியில் உள்ள சுமையை இறக்குங்கள். 1000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் அதுவே ஒரு டன். பிறகு கூரைக்கு 3 முதல் 4 அடிக்கு ஒன்றாக, மேலே பலகை கொடுத்து, ஜாக்கி முட்டு வையுங்கள். முட்டு நிற்காமல் ஒரு உளி கூட வைக்க விடாதீர்கள். அதன்பின் சின்னச் சுத்தியலால் கூரை முழுவதும் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட இந்த வட்டங்கள் பெரும்பாலும் பெரிதாகவே வரும்.

வட்டத்துக்குள் உடைக்கும்போது துரு இல்லாத கம்பி தெரியும்வரை போக வேண்டும். கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் குடையாமல் கீழ்ப்பக்கத்தை மட்டும் சுரண்டுவதுதான் வழக்கமாக நடக்கும் ஏமாற்று. கம்பிப் பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேய்த்த பிறகு வெர்னியர் (தடிமனை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தாலே அதன் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. அந்த நிலையில் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். 8 மி.மீ. கம்பிக்கு நல்ல பாகத்தில் இரு புறமும் 400 மி.மீ. ஒட்டு கிடைக்க வேண்டும். துண்டுக் கம்பியை வெறுமனே கட்டித் தொங்கவிட்டால் அது சுமை எடுக்காது. பிறகு துத்தநாகம் கலந்த துருத்தடுப்பு பிரைமர், பிணைப்புப் பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை என்று வரிசையாகப் போகட்டும். கலவையை ஒரே அடியில் அப்பாமல் 10 முதல் 12 மி.மீ. அடுக்குகளாக ஏற்றுங்கள். நீராற்றும் முறை கலவைக்குக் கலவை மாறும் என்பதால் மூட்டையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மணலிலோ தண்ணீரிலோ உப்பு கலந்திருந்தால், பழுது பார்த்த இடத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் துரு வேகமாகக் கிளம்பும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, ஓரத்தில் உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி அந்த அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்வதே காரணம். உடைத்த கான்கிரீட்டின் தூளை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவு பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ. அதை வெகுவாகத் தாண்டி, சேதமும் கூரையில் பாதிக்கு மேல் இருந்தால், ஒட்டுப் போடுவதைவிடத் தளத்தைப் புதிதாகப் போடுவதே பணத்துக்கு நல்லது. இந்த முடிவைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

மாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். மாடியில் பதித்த தட்டோடுகள் விரிசல் விட்டு, தண்ணீர் வடியும் வாட்டம் தப்பியிருந்தால் கீழே என்ன செய்தும் பயனில்லை.

கேள்வி: ஜன்னலைப் பெரிதாக்க, சன்ஷேடுக்கு மேலே உள்ள சுவரைக் கொஞ்சம் இடித்தோம். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில் விரிசல் ஓடுகிறது. முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: வேலையை இப்போதே நிறுத்துங்கள். சன்ஷேடின் அடியில் யாரும் நடக்காதபடி கயிறு கட்டி, வெளி நுனிக்கு முட்டுக் கொடுங்கள்.

சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது. இழுவிசை அதன் மேல்பக்கத்தில்தான் வரும்; ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கட்டும்போது கம்பியின் மேல் ஏறி நடந்து மிதித்துவிடுவார்கள், அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சிலர் அறியாமையால் கூரைத் தளத்துக்குப் போல அடியிலேயே கட்டிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட சன்ஷேடு இத்தனை நாள் நின்றது அதிர்ஷ்டம். அதோடு லிண்டலை (ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) புரளாமல் அழுத்திப் பிடிப்பது மேலே உள்ள சுவரின் எடை. அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

முட்டு நின்ற பிறகு, விரிசல் உள்ள இடத்தின் மேல்பக்கத்தில் ஒரு கையகலம் கொத்திப் பாருங்கள். ஒன்றரை அங்குல ஆழத்துக்குள் லிண்டலுக்குள் போகும் கம்பி தட்டுப்படவில்லை என்றால் அந்த சன்ஷேடை இறக்கிவிடுவது ஒன்றே வழி. விரிசலில் சிமெண்ட் அடைப்பது கண்ணை மறைக்கும், அவ்வளவே. புது லிண்டல் சுவரில் இரு புறமும் குறைந்தது 6 அங்குலம் உட்கார வேண்டும். சன்ஷேடு கம்பி அதற்குள் வளைந்து போக வேண்டும். மேல்சுவர் கட்டி முடியும்வரை முட்டு இருக்கட்டும். முட்டு எடுக்கும்போது வெளி நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வாருங்கள். மாற்றி எடுத்தால் கணக்கில் வராத இடத்தில் இழுவிசை விழும்.

கேள்வி: மாடிக் குளியலறை டைல்ஸைப் பெயர்த்தால், கீழே ஓர் அடி ஆழத்துக்கு உடைந்த செங்கலும் குப்பையும் தண்ணீரில் ஊறிக்கிடக்கின்றன. மேலே மட்டும் கெமிக்கல் அடித்து மூடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: முழுவதும் அள்ளி வெளியே போடுங்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு மூடலாம். கீழ்வீட்டுக் கூரை எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகியுங்கள். குளித்த பின் கூடினால் நாணி ட்ராப் (தரையில் தண்ணீர் வடியும் துளைக்கு அடியில் உள்ள பொறி) அல்லது கழிவுக் குழாய் இணைப்பு.

பள்ளத் தளத்தைச் சுத்தம் செய்து, குழாய் நுழையும் ஓட்டைகளைச் சுருங்காத கிரவுட்டால் (இடுக்குகளை நிரப்பும் கலவை) அடையுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டுங்கள். நீர்த்தடுப்பு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. அது முடிந்த தரை மட்டத்துக்கு மேலும் ஓர் அடி சுவரில் ஏற வேண்டும். குளிக்கும் பக்கத்தில் 6 அடி. காய்ந்ததும் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைத்துக் கீழே பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் நிரப்ப விடாதீர்கள். நிரப்புவதற்கு மறுபடி இடிபாடுகளைக் கொட்டினால் அவற்றின் முனை பூச்சைக் கிழிக்கும். டைல்ஸின் வாட்டம் 5 அடிக்கு முக்கால் அங்குலம்.

கேள்வி: பழைய சுவிட்ச் பெட்டிகளில் பச்சை (எர்த்) ஒயரே இல்லை. ஒரு பிளக்கில் எர்த்தையும் நியூட்ரலையும் சின்ன ஒயரால் சேர்த்திருக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: அந்த இணைப்பை மெயினை அணைத்து இன்றே நீக்கச் சொல்லுங்கள், அதுவரை அந்த பிளக்கைத் தொட வேண்டாம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே 230 வோல்ட் நிற்கும். எர்த் இல்லாத வீட்டுக்கு ஒயரிங்கை மாற்றுவதுதான் தீர்வு: விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், எல்லாப் பெட்டிக்கும் பச்சை ஒயர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). பைப் இல்லாமல் பூச்சுக்குள் புதைத்த ஒயர்களை இழுக்க முயல வேண்டாம், இணைப்பைத் துண்டித்து விட்டுவிடுங்கள். சுவர் பூசுமுன் மெக்கர் (ஒயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உடைக்க உடைக்க ஒப்பந்தக்காரர் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். எப்படிப் பேசுவது? (வாசகி, கோவை)

பதில்: உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, அதனால் மொத்தத் தொகை பேசியது முதல் கோளாறு. கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு ஒரு தொகை, மறைந்திருக்கக் கூடியவற்றுக்கு அளவு விலை என்று பிரியுங்கள்: கம்பி ரிப்பேர் சதுர அடிக்கு, புதுக் கம்பி கிலோவுக்கு, குழாய் அடிக்கு. உடைத்த இடத்தில் டேப் வைத்துப் படம் எடுத்து, இருவரும் அளவை ஒப்புக்கொண்ட பிறகே மூட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். படமில்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.