யார் அமெரிக்கர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா குடியேறிகளின் நாடு என்றுதான் படித்திருக்கிறோம். அங்கே போய் உழைக்கிற யாரும் அமெரிக்கர் ஆகலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கம், இப்போதுதான் அது மாறுகிறது என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. வெளியிலிருந்து வருபவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது 1790ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. ஆசியர்களுக்கு அப்போதும் வழியில்லை.

ஜப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவா கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்தவர். வீட்டிலும் ஆங்கிலம்தான். 1922இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவராம், அவர் அந்த இனமில்லையாம். சரி, ஐரோப்பியரோடு வட இந்தியரையும் காக்கேசியர் என்று சேர்த்துச் சொன்ன அன்றைய இனவியல் நூல்களின்படி நான் காக்கேசியன்தானே என்று வாதாடினார் பஞ்சாபியான பகத் சிங் திந்த். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் அவர். நூல்கள் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று 1923இல் தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே சில மாதங்கள்தான். இரண்டையும் எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர்.

இதில் என்னை அதிகம் வருத்துவது திந்த் தரப்பின் வாதம்தான். உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளை விலக்கியே வைக்கிறான், கறுப்பினத்தவரை அமெரிக்கர் விலக்குவதுபோல என்று, திருமண உறவைச் சுட்டி எழுதிக் கொடுத்தார்கள். சாதியையே தகுதிச் சான்றாக நீட்டினார்கள். அதுவும் பலிக்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதன் பிறகு அதை இழந்தார்கள். இந்தியர்களுக்கு வழி திறந்தது 1946இல். இனத் தடை முழுமையாக நீங்கியது 1952இல்.

இதற்கெல்லாம் முன்பே வேறொரு வழக்கு உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வோங் கிம் ஆர்க். சீனா போய்த் திரும்பியவரை 1895இல் உள்ளே விட மறுத்தார்கள். தன்னை வெள்ளையராகக் காட்ட அவர் முயலவில்லை. 1868இல் வந்த 14ஆவது சட்டத்திருத்தத்தின்படி, இந்த மண்ணில் பிறந்தேன், ஆகவே குடிமகன் என்றார். 1898இல் வென்றார். அந்த வெற்றி அவரோடு நிற்கவில்லை. பெற்றோருக்குக் குடியுரிமை கிடைக்காத காலத்திலும், அங்கே பிறந்த ஜப்பானிய, இந்தியக் குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்களாகவே வளர்ந்தார்கள்.