மூணாறு மாதிரிக் குளிர் ஊரில் வீட்டுக்கு பெல்லட் அடுப்பு வாங்கலாமா, கரண்ட் ஹீட்டரே போதுமா?

கேட்டவர் அநேகமாக ஹோம்ஸ்டே கட்டிக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். பூச்சு வேலை முடியவில்லை என்றால் நல்லது, புகைக்குழாய்க்கு இப்போதே சுவரில் ஓட்டை விட்டுவிடலாம்.

நான் மூணாறுக்காரன். அப்பா செண்டுவாரைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஜனவரியில் விடிகாலைப் புல் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீடான லயத்தில் குளிருக்கு என்று இருந்தது அடுக்களை விறகடுப்பு ஒன்றுதான். துரை பங்களாவில் ஹாலுக்கு ஒரு கணப்பு, படுக்கையறைக்கு ஒரு கணப்பு. அதற்கெல்லாம் விறகு பிளந்து சுமந்துபோய் அடுக்கியவர் எங்கள் அப்பா. சொந்த வீடு கட்டினால் ஹாலில் நெருப்பு எரிய வேண்டும் என்பது எனக்கு வீம்பாகவே இருந்தது. வெட்டிச் செலவு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஊட்டியில் ஒருவர் ஓட்டலை மூடும்போது விற்ற இத்தாலி அடுப்பை வாங்கினேன். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி. தொட்டியில் கொட்டிவிட்டால் உள்ளே ஒரு திருகுத்தண்டு சுற்றி, எரியும் கிண்ணத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். கேட்கச் சுகமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது.

பெரும்பாவூர்ப் பக்கமிருந்து பாய்லருக்குப் போகிற பெல்லட்டை மலிவாக இறக்கினேன். அது 8 மில்லிமீட்டர். என் அடுப்பு 6 மில்லிமீட்டருக்குச் செய்தது. இரண்டாம் நாளே தண்டு இறுகி நின்றுவிட்டது. எப்படியோ எரிந்தவையும் உமி கலந்த சரக்கு போல, கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கிட்டம் கட்டி, ஸ்க்ரூடிரைவரால் பெயர்க்க வேண்டியிருந்தது. மிச்ச மூட்டைகளைப் போர்ட்டிகோவில் அடுக்கினேன். ஜூன் மழை வந்தது. ஈரம் குடித்துக் குச்சியெல்லாம் மறுபடி மரத்தூளாகிவிட்டது.

இதையெல்லாம்விடக் கரண்ட். ஒரு டிசம்பர் ராத்திரி அடுப்பு நன்றாக எரியும்போது கரண்ட் போனது. விசிறி நின்றதும் புகை முழுக்க ஹாலுக்குள். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு, அடுப்பு வாங்குவதற்கு முன்னால் நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கினோம். அப்புறம்தான் சைன்வேவ் இன்வெர்ட்டர் போட்டேன். குழாயையும் படுக்கையாக விடாமல், வெளியே ஆறடி நேர் மேலே ஏற்றினேன். கரண்ட் போனாலும் மிச்சப் புகை தானாக மேலே போகும்.

‘விறகு இருக்கும்போது இது எதற்கு’ என்று யாராவது எழுதுவார்கள். மழை மாதத்தில் எங்கள் ஊர் விறகை எரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் அடுப்பு விற்பவனும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வருஷா வருஷம் ஜனவரியில் கார் கட்டி வந்து பனியைப் போட்டோ எடுத்துவிட்டு, ‘உங்களுக்கென்ன, ஏசியே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பனியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர், ரிட்டயர்ட் ஆனதும் லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்பது அந்த போட்டோவில் வராது. சரி, விடுங்கள்.

உங்களுக்கு விஷயம் இதுதான்: ஒரு ரூமுக்கு, வருஷத்தில் இருபது நாள் என்றால் ஹீட்டரே போதும். 2000 வாட் ஹீட்டர் ஐந்து மணி நேரத்தில் 10 யூனிட் தின்னும், அவ்வளவுதான். பெரிய ஹால், மூன்று மாதம் தினமும் என்றால் பெல்லட் வைக்கலாம். எனக்கு ராத்திரிக்கு 5 கிலோ போதுமானதாக இருக்கிறது. ஆனால் அடுப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன், சுத்த மரத்தூளில் செய்த 6 மில்லிமீட்டர் பெல்லட் தொடர்ந்து கிடைக்குமா என்று பாருங்கள், ஈரம் படாத அறை ஒன்றும் ஒதுக்குங்கள். தினமும் கிண்ணத்தைத் தட்டிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டிவிடுங்கள். கெஸ்ட் தூங்குகிற அறையில் கரிச்சட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், ஆளைக் கொல்லும்.

எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணத்தைத் தட்டுவது அப்பாதான். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.