ஆவி பறக்கச் சுடவைத்தும் ஏன் வாந்தி? வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

காலை 6 மணிக்கு வடித்த சோற்றை அடுப்பு மேடையிலேயே மூடி வைத்திருந்தேன். மாலை 4 மணிக்கு அதை முட்டை சாதமாக ஆவி பறக்க வறுத்துக் கொடுத்தேன். கெட்ட வாடையே இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் இருவரும் வாந்தி எடுத்தார்கள். அந்தச் சூட்டில் கிருமி செத்திருக்காதா?
- வாசகி, திருச்சி

கிருமி செத்திருக்கும். அது சோற்றில் விட்டுப்போன நஞ்சு சாகாது.

நீங்கள் சொல்லும் நேரக் கணக்கு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவோடு பொருந்துகிறது. மண்ணில் வாழும் இது, அரிசியோடு வித்து வடிவில் வீட்டுக்குள் வருகிறது. உலை கொதிக்கும் 100 டிகிரியிலும் அந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகத் தொடங்கும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டாலே, 10 மணி நேரத்தில் ஒன்று 10 லட்சத்தைத் தாண்டிவிடும். பெருகும்போது அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. வாணலி அதை என்ன செய்யும்? மூக்கையும் நம்ப வேண்டாம். இந்த நஞ்சுக்கு வாடை கிடையாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சோறு எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே முக்கியம். வடித்த சோற்றை 60 டிகிரிக்குக் குறையாமல் ஹாட்பாக்ஸில் வையுங்கள். இல்லையென்றால் அகலத் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள். குண்டானோடு அப்படியே உள்ளே வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஓரம் சில்லிட்டாலும் நடுச்சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பழைய சோறு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறோம். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீராகாரத்தைப் புளிக்கவைக்க, அந்தப் புளிப்பு மற்றவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பகலெல்லாம் வெளியே கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பிள்ளைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, சோர்ந்து கண் சொருகினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஊட்டிக்கு மாறி வந்ததிலிருந்து தயிர் உறையவே மாட்டேன் என்கிறது. பாலை இன்னும் சூடாக வைத்து உறை ஊற்றினால், அடியில் திப்பி திப்பியாக நின்று மேலே பாலாகவே இருக்கிறது.
- வாசகர், உதகமண்டலம்

சூடு ஏற ஏற பாக்டீரியாவின் நொதிகள் வேகமாக வேலை செய்யும். வளர்ச்சியும் படிப்படியாகக் கூடும். உகந்த அளவைத் தாண்டிவிட்டால் புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். ஏறியது மாடிப்படியில், இறங்குவது கிணற்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரிப் பாலில் ஊற்றிய உறைமோரில் பெரும்பகுதி செத்துப்போகும். 15 டிகிரி அறையில் வைத்தாலோ, அது சாகாது, வேலையும் செய்யாது.

காய்ச்சிய பால் 40 முதல் 43 டிகிரிக்கு ஆறட்டும். வெப்பமானி இல்லையென்றால், கழுவிய விரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணும்வரை உறுத்தாமல் வைத்திருக்க முடிய வேண்டும். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும், குளிர்காலத்தில் இரண்டு. மலைக்குளிரில் சூட்டைத் தக்கவைப்பதில்தான் காரியம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவிய ஹாட்பாக்ஸில் பாலை ஊற்றி மூடி, கம்பளியில் சுற்றி, 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். உறைந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள், தாமதித்தால் புளிக்கும்.

ஃபிரிட்ஜில் 4 என்று வைத்திருக்கிறேன். அப்படியும் பால் கெடுகிறதே?
- வாசகி, வேலூர்

பல ஃபிரிட்ஜ்களில் அந்த 4 என்ற எண் டிகிரியைக் குறிப்பதில்லை. எவ்வளவு குளிரூட்ட வேண்டும் என்பதற்கான நிலை எண் அது. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். பாலைக் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் அதுதான். 4 டிகிரியிலும் சில பாக்டீரியாக்கள் மெதுவாக வளரும் என்பதால் பாக்கெட்டில் உள்ள தேதியைத் தாண்டவிடாதீர்கள்.