விடியும்வரை தணல் நிற்க

கேள்வி: மொட்டைமாடிக் கொட்டகையில் புகைக்குழாய் வைத்த இரும்பு விறகடுப்பு இருக்கிறது. இரவு 10 மணிக்குச் சவுக்கை நிறைய அடுக்கினாலும் 2 மணிக்கே சாம்பலாகிவிடுகிறது. காலை வெந்நீருக்குத் தணல் மிஞ்ச என்ன வழி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பிளந்த சவுக்கு சீக்கிரம் எரியத்தான் செய்யும். பிளக்கப் பிளக்கக் காற்றுப்படும் பரப்பு கூடுகிறதே! விறகுத் தொட்டியில் சீமைக் கருவேலம் கேளுங்கள். பிளக்காதது, 5 அங்குலக் கனத்தில் உருட்டுக்கட்டையாக. அடுப்படியில் 1 அங்குலச் சாம்பலை வாராமல் விடுங்கள். முதலில் 2 அங்குலத் தணல் சேரட்டும். அதைப் பின்பக்கம் ஒதுக்கி, மூன்று கட்டைகளை இடைவெளியில்லாமல் நெருக்கி வையுங்கள். உடனே காற்றுத் துவாரத்தில் கை வைக்காதீர்கள். 15, 20 நிமிடம் நன்றாக எரிந்து, கட்டை முழுக்கக் கரியேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒரேயடியாக மூடினால் புகைந்து, குழாயில் தார்போன்ற கீல் படியும். நாளடைவில் அதுவே தீப்பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு சீக்கிரமே எரிந்து தீர்ந்தால் கதவைச் சந்தேகப்படுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிற்றை மாற்றுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த விறகு இதற்கு ஆகவே ஆகாது. கொட்டகைக்குள் யாரும் படுக்கவும் கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.