ஒர்க்கிட் தண்டில் பூவுக்குப் பதில் குட்டிச்செடி

கிளிநொச்சியில் விறாந்தையில் தொங்கும் உங்கள் டென்ட்ரோபியம் வகை ஒர்க்கிட், பூக்காமல் தண்டின் நுனியில் குட்டிச்செடி விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், இது நோய் இல்லை. நைதரசன் பசளையோ தண்ணீரோ கூடினால், பூவாக வேண்டிய கணு செடியாகிவிடும். ஆனால் தாய்ச்செடியின் வேர் அழுகினாலும் இதே குணம்தான், அதனால் முதலில் சாடியைக் கழற்றிப் பாருங்கள். வேர் இறுக்கமாக, வெள்ளையாக இருந்தால் சரி. கபில நிறமாகி, விரலால் நசித்தால் தோல் உருவி வந்து உள்ளே நூல்போல நார் மட்டும் மிஞ்சினால் அழுகல்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு, கரித்துண்டும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் திரும்ப நடுங்கள்.

குட்டியை இப்போதே பிரிக்காதீர்கள், பாவம். வேர் 2 அங்குலம் நீளட்டும், அப்புறம் சுத்தமான பிளேட்டால் வெட்டலாம். யூரியா போடுவதென்றால் உடனே நிப்பாட்டுங்கள். வன்னியில் பல கிணறுகளில் இருப்பது உப்புகள் கூடிய கடினநீர், அதனால் முடிந்தால் மாரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.